சம்பந்தி கொடுத்த பவளம்

சம்பந்தி கொண்டுவந்த உயிருள்ள பவளத்தை அப்படியே என் கடல்நீர்த் தொட்டியில் வைத்தேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது! புதிதாக எந்தப் பவளம் வந்தாலும் மருந்துத் தண்ணீரில் முக்கி, அடியில் புழு முட்டை ஒட்டியிருந்தால் சுரண்டி, தனித் தொட்டியில் சில வாரம் வைத்துத்தான் பெரிய தொட்டிக்கு மாற்றுவேன். சைகோனில் பவளம் வளர்க்கிற அத்தனை பேருக்கும் என் கெடுபிடி தெரியும்.

ஆனால் அன்று என் மகள் இவோனைப் பெண் பார்க்க அகுஸ்தேன் வந்திருந்தார், மனைவி ஏவ்லினோடும் மாப்பிள்ளைப் பையன் லூசியேனோடும். பூ, பழத்தோடு ஊதா நிறக் கிளைப் பவளம் ஒன்று, அவர் வீட்டுத் தொட்டியில் வளர்ந்தது. பக்கத்திலேயே நின்று ஆசையாகப் பார்க்கிறார். அவர் கண்ணெதிரே அதை மருந்தில் முக்கினால், கொண்டுவந்த லட்டைக் கழுவித் தின்பது போல இருக்காதா? மரியாதை பார்த்து, நேராகத் தொட்டியில் வைத்தேன்.

கல்யாணம் பேசி முடித்து மாதம் திரும்புவதற்குள் கிளை வெளுத்தது. வட்ட வட்டமாகக் கடித்த தடம். ரப்பர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினால், பவளத்தின் நிறத்திலேயே தட்டைப் புழுக்கள் பிய்ந்து மிதந்தன. பக்கத்தில் நான் வருடக்கணக்காக வளர்த்த பச்சைப் பவளத்துக்கும் பரவிவிட்டது.

இத்தனை காலம் பவளம் வளர்க்கிற மனிதருக்குப் புழு தெரியாதா? தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். இதையே மறைத்தவர்கள் பையன் விஷயத்தில் எதையெல்லாம் மறைத்தார்களோ! பழைய வேலையை அவன் ஏன் விட்டான்? அவனிடம் கேட்டதற்கெல்லாம் ஏவ்லின் ஏன் முந்திக்கொண்டு பதில் சொன்னார்?

“ஒரு புழுவுக்காக என் கல்யாணத்தை நிறுத்துவியாம்மா?” என்று இவோன் அழுதாள்.

“புழுவுக்காக இல்லடி. மறைச்சதுக்காக.”

மறுநாள் காலை அந்தக் கிளையைப் பிடுங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அதே சூட்டோடு வாடகை மோட்டார் சைக்கிள் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் சோலோன் பேட்டையில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். சம்பந்தத்தை முறித்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு.

கதவைத் திறந்த அகுஸ்தேனின் முகம் மாறியது. அவரைத் தாண்டி நேராகத் தொட்டியிடம் போனேன். ஐயோ, உள்ளே உயிருள்ள பவளம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெள்ளை எலும்பு.

“புழு தின்னுடுச்சுங்க,” என்றார் அகுஸ்தேன். “அந்த ஒரு கிளைதான் மிச்சம். என்கிட்ட இருந்தா அதுவும் போயிடும். நீங்க எப்படியும் மருந்துல முக்கித்தான் வைப்பீங்கன்னு நினைச்சேன். உங்ககிட்ட பிழைச்சுக்கும்னு கொடுத்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“நீங்க நேரா தொட்டியில வச்சப்போ பதறிப்போனேன். ஆனா பொண்ணு பார்க்க வந்த இடத்துல எப்படிங்க சொல்றது? வெட்கமா இருந்துச்சு.” தயங்கிவிட்டுக் கேட்டார்: “இப்ப எப்படி இருக்கு அது?”

தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“காலையில வெந்நீர்ல போட்டுட்டேன்.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியிலிருந்து வந்த ஏவ்லின் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்களை ஒரு வார்த்தை கேட்காம அதைக் கொன்னுட்டீங்க. நாளைக்கு எங்க பையன் மேல சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க, சம்பந்தி?”

சுருக்கென்று தைத்தது. முறித்துக்கொள்ள வந்தவள் நான். இப்போது அவர்கள் முறித்துவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது. இவோனின் அழுத முகம்தான் கண்ணில் நின்றது.

“தப்பு என்னுதுதான்,” என்றேன். “இனிமே எதுன்னாலும் முகத்துக்கு நேரா கேட்டுடுறேன். என் தொட்டியிலயும் இப்ப புழு இருக்கு. அதையும் சொல்லிட்டேன்.”

ஏவ்லின் உள்ளே போய்த் தட்டெடுத்து வைத்து, சோறும் மீன் குழம்பும் பரிமாறினார். ஒரு வாய் வைத்தேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உப்பு ரொம்பத் தூக்கல்,” என்றேன்.

ஏவ்லின் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார்.

“அப்ப கல்யாணத்துக்கு வேற ஆளை வச்சுச் சமைப்போம்,” என்றார்.