தூணுக்குள் நூற்று முப்பது சீட்டு

கான்கிரீட் இறுகியதும், அதைச் சுற்றி அடித்திருந்த அச்சுப் பலகையைப் பிரித்தேன். ஆலயத்தின் நடுத்தூணில், இடுப்பு உயரத்தில், தலையை நுழைக்கலாம் போல ஒரு பொந்து. உள்ளே கான்கிரீட் இல்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதச் சுருள்கள் கம்பிகளுக்கிடையே அடைத்துக்கொண்டு கிடந்தன.

நான் கொத்தனார், இந்தச் சபையின் விசுவாசியும்கூட. தூணுக்குக் கான்கிரீட் போட்ட அன்று போதகர், "கடவுள் கட்டறாரு, நாம கூட நின்னு கை குடுக்கறோம். ஆளுக்கொரு ஜெபச் சீட்டு எழுதிப் போடுங்க" என்றார். வாசற்படிக் குழியில் பத்துச் சீட்டு என்றுதான் முன்பு என்னிடம் பேச்சு. நான் கலவை இயந்திரம்வரை போய்த் திரும்புவதற்குள், சபையார் நூற்று முப்பது பேரும் ஏணியில் ஏறித் தூணின் பலகைக்குள் திணித்திருக்கிறார்கள். நனையக்கூடாதென்று பிளாஸ்டிக் உறை வேறு. ஈரக் காகிதம் கடவுளுக்குப் படிக்க வராது என்று நினைத்தார்களோ என்னவோ.

நாலைந்தைப் பிரித்துப் படித்துத் தொலைத்தேன். ஒருவருக்கு மச்சான் கடை மூடவேண்டும். ஓர் அம்மாவுக்கு மருமகள் வாய் அடைபடவேண்டும். பாடகர் குழுவில் ஒருவருக்கு, பக்கத்தில் நின்று பாடுகிறவரின் தொண்டை கட்டவேண்டும். இந்தத் தூணின் மேல்தான் உள்மாடி வரப்போகிறது. அங்கேதான் என் மனைவி ஞாயிறுதோறும் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போகிறாள்.

"உடைச்சிட்டுப் புதுசா போடணும் ஐயா. இது பாரம் தாங்காது."

போதகர் பொந்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "திறப்புக்கு நாள் குறிச்சாச்சு. ஜனங்க ஜெபத்தை உடைக்கச் சொல்றீங்களா?"

ஆமென் அண்ணன் என் தோளைத் தட்டினார். கமிட்டிக்காரர், போதகர் தும்மினாலும் ஆமென் போடுவதால் வந்த பெயர். "விசுவாசம் வேணும் தம்பி. மேலாப்புல பூசி விடு."

பூசினேன். காறித் துப்புவதென்றால் முதலில் என் மூஞ்சியில்தான் துப்பவேண்டும். சபையைப் பகைத்துக்கொள்ளப் பயந்து, சுருள்களை உள்ளே தள்ளி, வழவழவென்று பூசினேன். அவ்வளவு அழகாக நான் எந்த வீட்டுக்கும் பூசியதில்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை. மாடியும் ஏறியது.

திறப்பு ஞாயிறன்று பிள்ளைகள் தடதடவென்று மாடிக்கு ஏறினார்கள். கீழே ஆமென் அண்ணன், நடுத்தூண் அருகே போட்டிருந்த தன் குடும்பத்து நாற்காலிகளைச் சத்தமில்லாமல் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார். போதகரின் மேசையும் மூலைக்குப் போயிருந்தது.

"ஏண்ணே இடம் மாத்திட்டீங்க?"

"இங்க காத்து நல்லா வருது தம்பி."

அந்தச் சுவரில் ஜன்னலே இல்லை. மற்ற பிள்ளைகள் மேலே போயிருக்க, அவர் தன் பேரனை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அதில் பாதி என்மேல். நேரே மாடிக்கு ஓடினேன். "பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போ."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"முதல்ல இறங்கு. அப்புறமா திட்டு."

அவள் பிள்ளைகளை வரிசையாக இறக்கினாள். கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டும்வரை எண்ணிக்கொண்டே போனாள். நான் சுத்தியலை எடுத்துவந்து, ஆராதனை நடுவில், பூச்சின் மேல் ஓங்கி அடித்தேன். இரண்டாம் அடியில் பூச்சு பாளமாக விழுந்தது. கூடவே சீட்டுகளும் பொலபொலவென்று தரையில் கொட்டின.

"இதை நம்பித்தான் பிள்ளைங்கள மேல ஏத்தினோம்" என்றேன்.

சபை எழுந்து ஓடிவந்தது. பொந்தைப் பார்க்க வரவில்லை. அடுத்தவர் கையில் சிக்குவதற்குள் அவரவர் சீட்டைப் பொறுக்க வந்தார்கள். ஆமென் அண்ணன் பேரனைக் கீழே விட்டுவிட்டுத் தேடினார். போதகர் அங்கியை மடித்துக்கொண்டு தவழ்ந்தார். தூணை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. அந்தச் சபை ஓர் ஆள் விடாமல் மண்டியிட்டதை அன்றுதான் பார்த்தேன்.