புழு, விட்டில், கல்

என் அக்கா என்னை இன்றைக்கும் குண்டா என்றுதான் கூப்பிடுகிறாள். சக்கர நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் இந்த எலும்புக்கூட்டைப் பார்த்தால் வேறு யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வராது. பள்ளிக்கூடம் போகும்போது வைத்த பெயராம், உடம்பு இளைத்ததற்கெல்லாம் மாற்ற முடியாதாம்.

எனக்கு வந்திருப்பது தசை கரைகிற நோய். முதலில் கால்கள் போயின, அப்புறம் தோள், அப்புறம் வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக. உணர்ச்சி மட்டும் போகாது. தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும், சொன்ன வேலையை மட்டும் செய்யாது. மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு நாற்காலியைத் தேய்க்கிற ஆள் மாதிரி. கடைசியில் மூச்சுக்கு வரும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். எதையும் மறைக்காத நல்ல மனிதர் என்று எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். எனக்கு அந்த ஆள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் போடுவது எல்லாம் அக்காதான். மூக்கு அரித்தால்கூட அவளைத்தான் கூப்பிட வேண்டும். எனக்கென்று, நான் மட்டும் செய்ய, மிச்சமிருந்தது ஒரு வீடியோ கேம்.

பெரிய கம்பெனி போட்டது இல்லை. யாரோ ஒரு ஆள் தன் அறையில் தனியாக உட்கார்ந்து செய்தது. பூமிக்கு அடியில் ஒரு பெரிய மாளிகை, கிளை கிளையாகப் பிரிகிற நடைகள், எங்கே திரும்பினாலும் பூட்டிய கதவுகள். அதற்குள் நாம் ஒரு சின்னப் பிராணி. கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது, நகரலாம், உருவம் மாறலாம், அவ்வளவுதான். முதலில் வெறும் புழு. விட்டிலாக மாறக் கற்றுக்கொண்ட பிறகு, ஆரம்பத்தில் அண்ணாந்து பார்த்து ஏங்கிய மேல்தளங்களுக்குப் பறந்து போகலாம். கல்லாக மாறக் கற்றுக்கொண்ட பிறகு, விட்டிலாக இருந்தபோது முட்டி முட்டித் திரும்பிய தரைகளை உடைத்துக்கொண்டு இறங்கலாம். ஒவ்வொரு புது உருவமும் பழைய கதவு ஒன்றைத் திறக்கும். எனக்கு நேர் எதிர், ஒவ்வொரு மாதமும் ஒரு கதவு சாத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தப் பிராணிமேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை, அப்படி ஒரு பிரியம்.

கடைசிக் கதவுக்கு முன்னால் காவல்காரி என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். முகமே இல்லாத பெரிய உருவம். அவள் கையை வீசினால் புழுவாகிப் பதுங்க வேண்டும். தரையைப் பிளந்தால் விட்டிலாக வேண்டும். கூரையை இடித்துத் தள்ளினால் கல்லாக வேண்டும். ஒரு நொடி பிசகினால் செத்தோம். அவளைத் தாண்டி அந்தக் கதவை என் கையாலேயே திறக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது, அதற்கு முன்னால் இந்த விரல் போகக் கூடாது. எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

அக்கா செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள். என் விரல் ஒன்று படுத்துவிட்டால் அன்று மாலையே கன்ட்ரோலரைப் பிரித்து, பட்டனைப் பெயர்த்து, இன்னும் உயிரோடு இருக்கும் விரலுக்குப் பக்கத்தில் வைத்து சால்டர் செய்துவிடுவாள். கடைசியில் நகர்வதற்கு இடது கட்டைவிரல், மாறுவதற்கு வலது கட்டைவிரல் என்று வந்து நின்றது. ஒவ்வொரு அமுக்குக்கும் வரிசையில் அடுத்த உருவம் வரும், கல்லுக்குப் பிறகு மறுபடி புழு. வலது பட்டனின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டாள்.

“ஈ வந்து உக்காந்தாலே அமுங்கிடும், குண்டா. உன்னால முடியாதா?”

கன்ட்ரோலரிலிருந்து புதிதாக மெல்லிய வயர் ஒன்று போவதைப் பார்த்து அது என்ன என்று கேட்டேன்.

“எர்த்து வயர். ஷாக் அடிச்சிட்டா எனக்கில்ல கெட்ட பேரு!”

நானும் தலையாட்டினேன். படித்த முட்டாள் என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

மாலையில் கடையிலிருந்து வந்ததும் என்னை டிவிக்கு முன்னால் நகர்த்திவிட்டு, எனக்குப் பின்னால் பக்கவாட்டில் துணிக்கூடையோடு உட்காருவாள். துவைத்த துணியை மடிப்பாள். சின்ன வயதிலும் அப்படித்தான், நான் விளையாடுவேன், அவள் பார்ப்பாள். “நீ தாவுறதுக்கு முன்னாடி மூச்சைப் புடிச்சுக்கிற, தெரியுமா? நீ தாவப் போறேன்னு டிவிய பாக்காமலே நான் சொல்லிடுவேன்” என்று அப்போதே கேலி செய்வாள். இப்போது கேலி எதுவும் இல்லை. ஒரு கூடைத் துணியை விளையாட்டு முடியும்வரை மடித்துக்கொண்டிருப்பாள்.

பட்டனை மாற்றிக் கொடுத்த பிறகு என் ஆட்டம் சூடு பிடித்தது. காவல்காரியின் அறைவரை போய்விட்டேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று எனக்கே ஒரு திமிர் வந்துவிட்டது.

அந்தத் திமிரோடுதான் பிசியோவிடம் பேசினேன். வாரம் ஒரு காலையில் வந்து கைகால்களை நீட்டி மடக்கிவிட்டுப் போகிற மனிதர். என் வலது கட்டைவிரலின் கீழ் தன் விரலை வைத்து, “அமுக்குங்க, தம்பி” என்றார். அமுக்கினேன். “ம், அமுக்குங்க.”

“அமுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “இதுல அசைவு இல்லையே. போன வாட்டி வந்தப்பவே இல்ல. அக்கா சொல்லலையா?”

“என்ன பேசறீங்க? நேத்து இந்த விரலை வெச்சுத்தான் ஆடினேன். அந்த பட்டன் ஈ உக்காந்தாலே அமுங்கும்.”

“ஈ உக்கார்றதுக்கும் எடை வேணுமில்ல, தம்பி” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்கு என்றேன், நிமிர் என்றேன். பட்டனின் குளிர்ச்சி தெரிகிறது, அமுக்குகிறோம் என்று மனசு சொல்கிறது, திரையில் பிராணி மாறுகிறது. பிறகு எப்படி விரல் செத்துப்போயிருக்கும்?

மாலையில் அக்கா வந்தாள். விளையாட்டு தொடங்கியது. ஆபத்தே இல்லாத ஒரு வெற்றறையில் புழுவை நிறுத்தினேன். விரலைப் பற்றி நினைக்கவே இல்லை. மாற வேண்டும் என்றும் நினைக்கவில்லை. மூச்சை மட்டும் இழுத்துப் பிடித்தேன்.

புழு விட்டிலாக மாறியது.

மூச்சை விட்டேன். மறுபடி பிடித்தேன். விட்டில் கல்லானது. அடுத்து மூச்சைப் பிடிக்காமல், உயிரையெல்லாம் திரட்டி அந்த விரலை அமுக்கினேன். கல் கல்லாகவே கிடந்தது. எர்த்து வயர் எங்கே போகிறது என்று அப்போதுதான் கண்ணால் தொடர்ந்தேன். மேசைக்கு அடியில் போய், பாய் ஓரமாக ஊர்ந்து, துணிக்கூடைக்குள் நுழைந்தது.

 கத்தியிருக்கலாம். கத்தவில்லை, வேறு ஒன்று செய்தேன். நேராகக் காவல்காரியின் அறைக்குப் போனேன். அவள் கூரையை இடித்த நேரம் பிராணி கல்லாக, பத்திரமாக இருந்தது. வேண்டுமென்றே மூச்சைப் பிடித்தேன். கல் புழுவாகியது. கூரை அதன்மேல் இறங்கியது. திரை கறுத்தது.

“ஐயோ, என் தப்பு!” என்றாள் அக்கா.

 கறுத்த திரையில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. அவள் கை கூடைக்குள் இருந்தது.

“எப்போலேர்ந்து?” என்று கேட்டேன்.

 கூடையிலிருந்து ஒரு காலிங் பெல் சுவிட்சை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“ஸ்பிரிங்கைக் கழட்டின அன்னிக்கே உன்னால முடியலடா. நீ அமுக்கறேன்னு நெனச்சு டிவியவே பாத்துட்டிருந்த. நான் எப்படிடா சொல்லுவேன்?”

“அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?”

“நீதான் ஜெயிச்ச. எப்போ மாறணும்னு எனக்கு என்ன தெரியும்? நான் டிவிய பாத்தா ஆடினேன்? உன் முதுகைத்தான் பாத்துட்டிருந்தேன்.”

“போ அந்தாண்ட” என்றேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. கடைசியாக என்னிடம் இருந்த ஒன்றும் என்னிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்த நாள் அதுதான். அழக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு நான் கன்ட்ரோலரைக் கேட்கவில்லை, அவளும் கொண்டுவரவில்லை. அதற்குள் சளி பிடித்து, மூச்சு திணறி, மருத்துவமனையில் கிடந்து, திரும்பும்போது கூடவே மூச்சு இயந்திரம் ஒன்று வந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற முகமூடி. அது காற்றைத் தள்ளும், இழுக்கும். என் இஷ்டத்துக்கு மூச்சைப் பிடிக்க முடியாது. பேசினால் உள்ளேயே முனகலாக அடங்கிவிடும்.

ஒரு மாலையில் நானே கண்ணால் டிவியைக் காட்டினேன். அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தாள். இடது கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் ஜீவன் இருந்தது. காவல்காரியின் அறைக்குப் போனோம். சுவிட்சை வெளிப்படையாகவே கையில் வைத்துக்கொண்டு அக்கா பின்னால் உட்கார்ந்தாள். செத்தோம். மறுபடி போனோம், மறுபடியும் செத்தோம். இயந்திரம் ஒரே சீராக என் நெஞ்சைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. அதில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“எனக்கு ஒண்ணும் புரியலடா, குண்டா” என்றாள். 

முகமூடிக்கு மேல் மிச்சமிருந்தது என் கண்கள். அவள் என் பக்கம் வந்து குனிந்தபோது, சுவிட்சைப் பார்த்தேன், பிறகு இமையை இறுக்கி மூடித் திறந்தேன். மறுபடி சுவிட்ச், மறுபடி இமை. கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தனக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் டிவிக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“சும்மா இமைச்சா அமுக்க மாட்டேன். இறுக்கி மூடினாத்தான். சரியா? நான் திரும்பவே மாட்டேன், பயப்படாதே.”

காவல்காரி கை வீசினாள். இமையை இறுக்கினேன். புழு. தரை பிளந்தது. இறுக்கினேன். விட்டில். கூரை இறங்கியது. கல். அக்கா என் கண்களை விட்டுத் தன் கண்களை எடுக்கவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் என்ன இடிகிறது, என்ன பிளக்கிறது என்று ஒன்றும் தெரியாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். இப்படி யாரும் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. கடைசியில் காவல்காரி சரிந்தாள். கதவு திறந்தது.

அக்கா, திறந்துடுச்சு என்றேன். முகமூடிக்குள் வெறும் முனகல். அதோடு அழுகையும் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, விம்ம மூச்சு இல்லை, கண்ணை இறுக்கி இறுக்கி மூடத்தான் முடிந்தது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் அவள் அமுக்கினாள். திறந்த கதவுக்கு முன்னால் அந்தப் பிராணி புழுவாக, விட்டிலாக, கல்லாக, மறுபடி புழுவாக மாறிக்கொண்டே இருந்தது.

“செத்துட்டோமாடா?” என்று கேட்டாள். கேட்டாளே தவிரத் திரும்பவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தாள்.