தந்தியில் வந்த பூச்சி

பெரிய கிளாக்கர் செல்வரத்தினத்துக்கு எதுவும் ஒன்றில் இதுவாக இருக்க வேண்டும், அல்லது அதுவாக இருக்க வேண்டும். காலையில் வேலைக்குத் தலை எண்ணும் பெரட்டுக்கு ஆள் வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை. முக்கால்வாசி வந்தாள் என்று வரவுப் புத்தகமான செக்ரோலில் எழுத இடமில்லை. அப்புத்தளைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் அப்படியே எழுதி, அப்படியே யோசித்து, அப்படியே நிம்மதியாக இருந்த மனிதர். அவரைத்தான் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு பூச்சி பிடித்து மூன்று கிழமை ஆட்டி வைத்தது.

அந்த வருடம் மேல்பிரிவுத் தேயிலையில் சுருட்டுப்புழு. இளம் இலைகளைச் சேர்த்து நூலால் கட்டி உள்ளேயிருந்து தின்னும் புழு. வளர்ந்தால் மஞ்சள் பழுப்பில் சின்ன அந்துப்பூச்சியாகப் பறக்கும். கம்பனி புதிதாக அனுப்பிய தொரை மலைமலையாக ஏறித் திரிந்து, கடைசியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ரெங்கம்மாவின் இஞ்சிப் பாத்தி முன் வந்து நின்றார். இஞ்சி இலையெல்லாம் சுருட்டுச் சுருட்டாக இருந்தது. தொரைக்கு வேறென்ன வேண்டும்?

"கிளாக்கர், பாரு. இங்கதான் இருக்கு இதோட வீடு. இங்கேர்ந்துதான் நம்ம கொழுந்துக்குப் போறது" என்றார், தமக்குத் தெரிந்த தமிழில்.

ரெங்கம்மா முப்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். அந்தப் பாத்தி இஞ்சிதான் அவள் மகள் பரிமளத்தைப் பதுளையில் ஒரு வீட்டில் தங்கி ஏ.எல். பரீட்சைக்குப் படிக்க வைத்திருந்தது. இஞ்சி போனால் பரிமளம் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். அது தொரைக்குத் தெரியாது. செல்வரத்தினத்துக்குத் தெரியும்.

"சேர், அது வேறை பூச்சியாகவும் இருக்கலாம்" என்று அவர் வாயை விட்டார். யாழ்ப்பாணத்தில் படிக்கும் காலத்தில் விலங்கியலில் தாம் வாங்கிய புள்ளியைப் பற்றிப் போன மாதம்தான் தொரையிடம் அளந்திருந்தார்.

தொரை சிரித்தார். "சரி, நீ படிச்ச ஆள். மூணு கெழமை. அந்துன்னா தோண்டி எரி. பட்டாம்பூச்சின்னா விடு. சொல்றது நீ."

அந்தா, பட்டாம்பூச்சியா? இவ்வளவுதானே என்று செல்வரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. சுருண்ட இலைகள் நாலைந்தைக் கிள்ளி, ஜாம் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கந்தோர் யன்னலில் வைத்தார். பூதக்கண்ணாடியும் கையுமாக அவர் அதன் முன்னால் உட்கார்ந்ததில் அந்த மாதச் சம்பளப் பட்டியல் இரண்டு நாள் பிந்தியது.

புழுவே சரியில்லை. பச்சை உடம்பு, பெரிய கறுப்புத் தலை. இரண்டுக்கும் நடுவே கழுத்தை யாரோ நூல் போட்டு இறுக்கியது போல ஒடுங்கியிருந்தது. புழுவுக்குக் கழுத்து உண்டா? போதாக்குறைக்கு அது தன் எச்சத்தை இருந்த இடத்தில் விடுவதில்லை. பின்பக்கத்தைத் தூக்கி டிக்கென்று எறியும். எறிந்தது போத்தல் கண்ணாடியில் போய் ஒட்டும். படுக்கிற இலைக்குள் அசுத்தம் வைக்காத இந்தச் சுத்தக்காரப் புழுவை எந்த வகுப்பிலும் தாம் படித்ததாக அவருக்கு நினைவில்லை.

பதினோராம் நாள் காலை கூட்டிலிருந்து பூச்சி வெளியே வந்திருந்தது. மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் பட்டாம்பூச்சிக்கும் அந்துக்கும் வித்தியாசம் காட்டும் அட்டவணை இருந்தது. அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் சரி போட ஆரம்பித்தார். உடம்பு தடிமன், மயிர் அடர்த்தி: அந்து. சிறகு கரும்பழுப்பு: அந்து. பொழுது சாயும் நேரத்தில்தான் போத்தலுக்குள் படபடத்தது: அந்து. ஆனால் உணர்கொம்பின் நுனி தடித்திருந்தது: அது பட்டாம்பூச்சிக்கு உரியது. தடித்ததும் ஒழுங்காக நின்றதா? நுனியில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது பட்டாம்பூச்சி சிறகை மேலே கூப்பும், அந்து பரப்பும் என்றது புத்தகம். இது முன் சிறகை ஒரு பக்கமும் பின் சிறகை இன்னொரு பக்கமுமாக அரைகுறையாகத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. பின் சிறகில் வெள்ளையாக ஒரு பெரிய திட்டு வேறு. செல்வரத்தினம் அழித்து அழித்துச் சரி போட்டதில் புத்தகம் கிழிந்து, மகளிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

பண்டாரவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் துஷ்யந்தி டீச்சரிடம் பஸ் ஏறிப் போய்க் காட்டினார். அவ முதலில் அந்து என்றா. கொம்பைப் பார்த்துவிட்டுப் பட்டாம்பூச்சி என்றா. பிறகு, "சோதனைப் பேப்பரிலை இது வராது, ஐயா" என்று முடித்துவிட்டா.

திரும்பி வரும் வழியில் ரெங்கம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த காலம். தண்ணீர்ப் பீலியிலிருந்து குடம் குடமாகச் சுமந்துதான் இஞ்சிக்கு ஊற்றினாள்.

"என்னா பூச்சின்னு தெரிஞ்சிச்சுங்களா, ஐயா?"

"இன்னும் முடிவாகேல்லை, ரெங்கம்மா. அறிகுறியள் கலந்து கிடக்கு."

"அது இஞ்சியத்தாங்க திங்குது. பாத்திக்கு ஒரு மொழம் தள்ளி கொழுந்து செடி நிக்கிது, ஒத்த புழு ஏறிப் பாக்கலீங்களே. அதுக்குத் தெரியுது, தொரைக்குத் தெரியலீங்களா?"

"அதை வைச்சுச் சொல்லேலாது. பெயர் வேணும்" என்றார் செல்வரத்தினம். படித்தவர் அல்லவா, கண்முன்னால் இருப்பது போதாது.

பெயர் சொல்லக்கூடிய ஒருவனை அவருக்குத் தெரியும். கொழும்பில் பூச்சி ஆராய்ச்சிக் கந்தோரில் இருக்கும் விஜேந்திரன், பழைய வகுப்புத் தோழன். ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. விஜேந்திரனின் தங்கை கேசினியை இவருக்குப் பேசி, எல்லாம் சரி வந்து, கடைசி நேரத்தில் சாதகம் பொருந்தவில்லை என்று இவர் வீட்டார் விலகியிருந்தார்கள். இவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் ரயில் நிலையத்தில் எதிர்ப்பட்டபோது விஜேந்திரன் பார்த்த பார்வை பதினெட்டு வருடமாகியும் ஆறவில்லை. இருந்தாலும் வேறு வழியில்லாமல் பூச்சியைப் பிலிம் டப்பாவில் பஞ்சு வைத்து அடைத்து, இஞ்சிப் பாத்தியைப் பற்றித் தொரை சொன்னதையும் விளக்கி, "இது அந்தா, பட்டாம்பூச்சியா? வருகிற சனிக்கு முன் தந்தியில் ஒரு சொல் சொன்னால் போதும்" என்று எழுதி அனுப்பினார்.

புதன்கிழமை தபாற்கந்தோரிலிருந்து புஹாரி தொலைபேசியில் கூப்பிட்டார். தந்தி வந்தால் வாசித்துக் காட்டுவது அவர்தான். கச்சான் காற்றில் கம்பிகள் ஆடி, காதுக்குள் இரைச்சல்.

"கிளாக்கர் ஐயா, கொழும்புத் தந்தி. இங்கிலீசு. ஒரு சொல்லுதான். ஸ்லிப்பர்."

"என்ன?"

"ஸ்லிப்பர். செருப்பு, செருப்பு! அதுக்குப் பொறகு, கடிதம் பின்னால் வருதுன்னு இருக்கு. அனுப்பினவர் விஜேந்திரன்."

செல்வரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கந்தோரில் இருந்த சின்னக் கிளாக்கர் தலையை நிமிர்த்திப் பார்த்தான். சரியாக வாசிச்சீங்களா என்று கேட்கலாம்தான். கேட்டால் புஹாரி இன்னும் பலமாகச் செருப்பு என்பார்; வழியிலுள்ள எக்ஸ்சேஞ்ச்காரன் வேறு கேட்டுக்கொண்டிருப்பான். "நல்லது" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார்.

அன்றிரவு சோறு இறங்கவில்லை. மனைவி சத்தியபாமா விஷயத்தைப் பிடுங்கி எடுத்தாள்.

"உங்களுக்குச் செருப்படி எண்டு சொல்ல ஒரு மனிசன் தந்திக்குக் காசு கட்டுவானே? என்ன கதை இது?"

"அவன் கட்டுவான். உனக்கு அவனைத் தெரியாது."

"பூச்சியின்ர பேராய் இருக்கும்."

"செருப்பு எண்டு ஒரு பூச்சியோ? விசர்க்கதை கதையாதை." அவருக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியிருந்தது. ஆனால் பதினெட்டு வருடம் மனதில் வைத்திருந்த பார்வை அந்தச் சொல்லோடு அப்படியே பொருந்தியது. அந்தும் பட்டாம்பூச்சியும்தான் பொருந்தவில்லையே, இதாவது பொருந்தியதே என்று மனம் அதைப் பிடித்துக்கொண்டது. அவமானத்தில் எரிந்தார். கொஞ்சம் நியாயமும் இருப்பதாகப் பட்டது. அதனால் இன்னும் எரிந்தார்.

வெள்ளிக்கிழமை தபாலில் கடிதம் வந்தது. தடித்த உறை. ஒரு சொல்லிலேயே இவ்வளவு என்றால் நாலு பக்கத்தில் என்ன வைத்திருப்பான்? உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசை லாச்சிக்குள் தள்ளிப் பூட்டினார். பின்னேரம் தொரை வந்து கேட்டபோது, "நிச்சயமாய்ச் சொல்லேலாது, சேர்" என்றார்.

"நிச்சயம் இல்லேன்னா அந்துதான்" என்றார் தொரை.

சனிக்கிழமை காலை ஆறு பேர் மண்வெட்டியோடு போனார்கள். மதியத்துக்குள் பாத்தி முடிந்தது. கிழங்கு இன்னும் முற்றவில்லை. மருந்தடித்து எல்லாவற்றையும் குவித்து எரித்தார்கள். பச்சை இஞ்சி எரிகிற வாசம் கந்தோர் வரைக்கும் வந்தது. செல்வரத்தினம் யன்னலைச் சாத்தினார்.

ஞாயிறு காலை சத்தியபாமா அவரைக் கந்தோருக்குத் துரத்திக் கடிதத்தை எடுப்பித்து, தானே கிழித்து, சத்தமாக வாசித்தாள்.

"அன்பின் செல்வா, தந்தி கிடைத்திருக்கும். நீ அனுப்பியது ஸ்கிப்பர். கப்பல் தலைவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓரிடத்தில் நில்லாமல் துள்ளித் துள்ளிப் பறப்பதால் வந்த பெயர். நீ குழம்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்களே குழம்புகிறோம். தடித்த உடம்பைப் பார்த்தால் அந்து, கொம்பைப் பார்த்தால் பட்டாம்பூச்சி. நாங்கள் பட்டாம்பூச்சிப் பக்கம்தான் சேர்க்கிறோம், ஆனாலும் தனிக் குடும்பமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். கொம்பு நுனியின் கொளுக்கியும், புழுவின் ஒடுங்கிய கழுத்தும்தான் அடையாளம். இந்த இனம் இஞ்சி, மஞ்சள் வகைகளைத்தான் தின்னும். பட்டினி கிடந்து செத்தாலும் தேயிலையில் வாய் வைக்காது. இதை உன் தொரையிடம் காட்டு, பாத்தியை விட்டுவிடுவார். கேசினி கனடாவில் சுகம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்."

ஸ்கிப்பர். புஹாரியும் காற்றும் சேர்ந்து ஒரு எழுத்தை மாற்றியிருந்தார்கள். மிச்சத்தையெல்லாம் செல்வரத்தினமே செய்திருந்தார்.

பின்னேரம் கடிதத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். ரெங்கம்மா வாசலில் குந்தி, சாம்பலிலிருந்து பொறுக்கிய இஞ்சித் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே பரிமளம் பதுளையிலிருந்து கொண்டுவந்த பையைக் கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தந்தியையும், செருப்பையும், பூட்டிய லாச்சியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டால் மூச்சு முட்டியிருக்கும்.

"அப்ப வெள்ளிக்கெழமையே காயிதம் வந்துருச்சுங்களா?"

"வந்தது."

"உங்ககிட்டயேதான் இருந்துச்சுங்களா?"

"ஓம்."

ரெங்கம்மா கையிலிருந்த துண்டை நீரில் அலசினாள். குரல் உயரவில்லை.

"செருப்புன்னு ஒரு சொல்லு. அதுக்குப் பயந்துட்டீங்களா, ஐயா? பெரட்டு களத்துல எங்கள தெனம் சொன்னாங்களே. கேட்டுக்கிட்டுக் கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போனோம். நீங்க ஒரே ஒரு நா கேட்டுக்கிட்டிருந்தா என்னங்க?"

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நாளைக்குப் புள்ளையக் கூட்டியாறேன். பேரு எழுதிக்கிடுங்க."

"நான் தொரையிட்டைக் கதைக்கிறன், ரெங்கம்மா."

"கதைங்க. பேரையும் எழுதிக்கிடுங்க."

திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டில், இருநூறு பேர் நிற்கையில், செல்வரத்தினம் தொரைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மெதுவாகச் சொல்லும்படி தொரை கை காட்டியும், செருப்பு என்ற சொல்லை அவர் குரல் தாழ்த்தாமல்தான் சொன்னார். தொரை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கங்காணிமார் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு வரிசையின் கடைசி வரைக்கும் போயிற்று. அவர் தலை குனிந்து, அது அடங்கும்வரை நின்றார். "சரி, சரி, அடுத்த வருஷம் நடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தொரை மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டு பேர். அவர்களில் சின்னவள் மேசைக்கு முன்னால் வந்தாள். செல்வரத்தினம் செக்ரோலைத் திறந்து, முழுப் பெயர் என்ன என்று கேட்டார். அவருக்கு அது நன்றாகத் தெரியும். வேறு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.