மார்க்கெட் தெருவில் துடைப்பங்கள்

இப்போதெல்லாம் யாரும் எதையும் சும்மா செய்வதில்லை. ஒரு கை வேலை செய்யும், மறு கை அதைப் போனில் படம் பிடிக்கும். பழைய போராட்டம் ஒன்றின் நினைவாக, சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட் தெருவில் அன்று காலை துடைப்பத்தோடு இறங்கிய பிள்ளைகளும் அப்படித்தான்.

டெலா என்னைப் பார்த்துவிட்டாள். ஆணாகப் பிறந்தவள்; தான் பெண் என்று சொன்னதற்கு வீட்டில் துரத்திவிட்டார்கள். பின்சந்தில் கூடாரம் போட்டிருக்கிறாள்.

"பெரிசு, ஒரு துடைப்பம் பிடி. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்தாறுல நீங்க கூட்டின அதே தெரு!"

கூட்டினோம்தான். போலீஸ் எங்களைக் குப்பை மாதிரி வாரிக்கொண்டு போனது. யார் குப்பை பாருங்கள் என்று, வீடில்லாத பையன்களும் பெண்ணுடை போட்ட பிள்ளைகளும் பெருக்கினோம். மறுவாரமும் அதே போலீஸ் வேன் வந்தது.

"என்னத்தக் கிழிச்சோம்? அன்னிக்கு நான் வாசப்படியில படுத்தேன். இன்னிக்கு நீ படுக்கற."

"நீங்க கூட்டலன்னா நான் இந்தப் பாவாடையோட இங்க நிக்க முடியுமா?"

"நிக்கலாம். படுக்கத்தான் இடமில்ல."

"கிழவனுக்கு வாயப் பாரு!"

"அது கெடக்கட்டும். கூடாரத்த யாரு பாத்துக்கறா?"

அவள் முகம் வெளுத்தது. எல்லோரும் இங்கே. ஆளில்லாத கூடாரம் நகராட்சிக் குப்பை லாரிக்குத்தான் போகும். அவளுடைய ஹார்மோன் மருந்தும் அதற்குள்ளே.

அவள் ஓடினாள், நான் நொண்டினேன். லாரிக்காரன் ஏற்கெனவே கூடாரத்தின் கம்பியை உருவிக்கொண்டிருந்தான்.

"அது என்னுது!"

அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். "இதுல ஆம்பள பேரு இருக்கு. நீ யாரு?"

பேரை மாற்ற மனுப்போட்டால் விலாசம் கேட்கிறார்கள். விலாசத்துக்கு எங்கே போவாள்? நான் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தேன்.

"என்னுதுடா. என்னையும் சேத்து லாரியில போடு."

"ஐயா, எந்திரிங்க. மடிச்சு எடுத்துட்டுக் கெளம்புங்க."

மடித்தோம். எங்கே போவது? நான் மாத வாடகைக்கு இருக்கும் ஹோட்டல் அறைக்கு வருகிறவர்கள் இருட்டுவதற்குள் வெளியேற வேண்டும். வீடில்லாதவர்கள் காப்பகத்தில் அட்டைப்படி அவளுக்கு ஆண்கள் கூடம்தான். போன தடவை அங்கே நடந்ததை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மூட்டையை முதுகில் ஏற்றினாள். "அடுத்த தெருவுல போடறேன். அங்கயும் வருவானுங்க."

"வருவானுங்க."

"சனிக்கெழம மறுபடி கூட்டறோம். வருவியா?"

"எதுக்கு?"

"இப்ப உள்ள போயி உக்காந்தியே, அது எதுக்கு?"

"கால் வலிச்சுது."

சிரித்தாள். துடைப்பத்தால் யாருக்கும் கூரை வந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அதைச் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் என் அறைப் பக்கம் நடந்தேன்.