நேற்றுப் பறந்தது

அந்த சூப்பர் மார்க்கெட்டில் போர்டக்காவுக்கு ஆகாத இடம் ஒன்றே ஒன்றுதான்: சோப்புப் பகுதி. அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் போதும், தும்மல் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. ஒருமுறை விடாமல் பதினேழு தும்மல் போட்டு, பொருள் வாங்க வந்த ஆளே தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கும்படி ஆயிற்று. அப்பேர்ப்பட்டவளிடம், "இன்னொரு போர்டுல தப்பு வந்துச்சுன்னா உங்களை சோப்புக்கு மாத்திடுவேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஒன்பது வருடமாகப் பழப் பகுதி அவள் ராஜ்ஜியம். எந்த ஆரஞ்சு இனிக்கும், எந்த முலாம்பழம் நாளைக்குத்தான் பழுக்கும் என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். பழத்துக்குப் பழம் தடித்த பேனாவால் போர்டு எழுதி மாட்டுவதும் அவள்தான். பேரே அப்படித்தான் வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுத்துப் பிழை மட்டும் அவள் கூடவே பிறந்தது.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். காலையில் எழுதி முடித்ததும் போர்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புவாள். அங்கிருந்து 'சரி' என்று வந்தால்தான் மாட்டுவாள். போன செவ்வாய்க்கிழமை மட்டும் அவசரத்தில் பதிலுக்குக் காத்திராமல் மாட்டிவிட்டாள். 'விதையில்லாத திராட்சை' என்று இருக்கவேண்டியது 'விதியில்லாத திராட்சை' என்று தொங்கியது. ஒருத்தர் வந்து, "இதுக்கு ஜாதகம் பாத்தீங்களா?" என்று கேட்டபிறகுதான் விஷயமே தெரிந்தது.

கட்டின மனுஷன் என்ன செய்திருக்கவேண்டும்? போனால் போகட்டும் என்று விட்டிருக்கவேண்டும். இவரோ படத்தை அச்சகம் முழுக்கக் காட்டி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே பார்க்க வந்துவிட்டார். போர்டக்காவுக்கு வந்ததே கோபம்! இனி உங்கள் தயவே வேண்டாம் என்று அன்று இரவு சொன்னவள், நாலு நாளாக அவரோடு பேசவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கிறது என்பதைக்கூட சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, சுவரைப் பார்த்தே தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை நாற்பது பெட்டி செர்ரி வந்து இறங்கியது. அந்தப் பக்கத்து மரங்களில் செர்ரி காய்க்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. இது உலகத்தின் அடுத்த கோடியிலிருந்து வந்த சரக்கு. மத்தியானம் முதலாளியம்மா வருகிறார், செர்ரியை வாசலிலேயே அடுக்குங்கள், முலாம்பழத்தைப் பின்னால் தள்ளுங்கள், 'நேற்றுப் பறித்தது' என்று பெரிதாக எழுதுங்கள் என்று மேனேஜர் வரிசையாக உத்தரவு போட்டார். முலாம்பழம் நாற்பது நிமிடத் தூரத்துத் தோட்டத்துச் சரக்கு, தேன். அதைப் பின்னால் தள்ள அவளுக்கு மனசே இல்லை. இருந்தாலும் சோப்பு வாசனை மூக்கில் நிற்க, வாயைத் திறக்காமல் தள்ளினாள்.

அவள் பேனாவைத் திறந்து உட்கார்ந்தபோது, பெட்டி இறக்கிய வேன் டிரைவர் பக்கத்தில் டீ குடித்தபடி புலம்பிக்கொண்டிருந்தார். இந்தப் பழம் நேற்று ஃப்ளைட்டில் பறந்து வந்ததாம். இத்தனை வயசாகியும் தான் ஒருதடவைகூடப் பறந்ததில்லையாம். பாவம் என்று காது அங்கே இருந்தது, கை இங்கே எழுதியது. முடித்ததும் பழக்கதோஷத்தில் படம் எடுத்துவிட்டாள். அனுப்பவேண்டியதுதான் பாக்கி. 'அந்த மனுஷன்கிட்ட நான் போய் நிக்கணுமா?' என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு, போர்டை வாசலில் மாட்டினாள்.

முதலில் பார்த்தது பைக்காரம்மா. வீட்டிலிருந்து ஏழு துணிப்பை கொண்டுவந்து, ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, இது எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, வழியில் எவ்வளவு புகை விட்டது என்று கேட்கிற அம்மா அவர். பதில் தெரியாமல் போர்டக்கா எத்தனையோ தடவை வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். இன்றைக்கு ஒளிய நேரமில்லை. பைக்காரம்மா போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாகப் படித்தார்.

"நேற்றுப் பறந்தது."

போர்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தாள். முத்து முத்தான எழுத்தில் அப்படியேதான் இருந்தது. கழற்றப் போனவளின் கையைப் பைக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பதினஞ்சு வருஷமா கடை கடையா கேக்கறேன். உண்மையை எழுதி மாட்டின முதல் கடை இதுதான்."

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். செர்ரி பறந்ததா என்று ஒரு தாத்தா சிரித்தார். ஒரு சின்னப் பெண் அதற்கு இறக்கை எங்கே என்று தேடியது. அப்போ ஆரஞ்சு எப்படி வந்தது என்று யாரோ கேட்க, அதுவரை கேள்விக்கே பயந்தவள், கப்பலில் மெதுவாக மிதந்து வந்தது என்றாள். கப்பல் தேவலை, பறந்து வருவதற்குத்தான் புகை அதிகம் என்றார் பைக்காரம்மா. கிட்டத்திலிருந்து வந்தது எது என்று இன்னொருவர் கேட்டதும், போர்டக்கா பின்னால் ஓடி முலாம்பழத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். செர்ரியை யாருமே தொடவில்லை என்று சொன்னால் அது பொய். பறந்து வந்ததை ஒருதடவை தின்று பார்ப்போமே என்று சிலர் எடுத்தார்கள். வேன் டிரைவரே ஒரு பெட்டி வாங்கினார்.

சத்தம் கேட்டு வந்த மேனேஜர் போர்டைப் படித்தார். பிறகு அவளைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "சோப்பு." அந்த நேரம் பார்த்து முதலாளியம்மாவும் உள்ளே நுழைந்தார்.

கூட்டத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார் முதலாளியம்மா. மேனேஜரின் விரல் தயாராக நீண்டது. பைக்காரம்மா முந்திக்கொண்டு, இந்தப் பெண்தான், என்ன தைரியம், கையெடுத்துக் கும்பிடலாம் என்று புகழ்ந்து தள்ளினார். ஆமாம், வேண்டுமென்றேதான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போர்டக்கா தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உண்மையை எழுதினாய் என்று கையைப் பிடித்த அந்த அம்மாவின் முன்னால் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"பறித்ததுன்னுதாம்மா எழுத நினைச்சேன். பறந்ததுன்னு வந்துடுச்சு. எழுத்துப் பிழை. எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டியிருந்தா திருத்தியிருப்பாரு. அவரோட சண்டை, அதான் காட்டல."

முதலாளியம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, கண்ணில் நீர் வந்து, முலாம்பழ மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பைக்காரம்மா அதைவிட அதிகமாகச் சிரித்தார்.

"இதே தப்பை எல்லாப் பழத்துக்கும் பண்ணும்மா" என்றார் முதலாளியம்மா. அடுத்த தடவை செர்ரி பத்துப் பெட்டி போதும், முலாம்பழம் வாசலிலேயே இருக்கட்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு துண்டு வெட்டச் சொன்னார்.

சோப்புக்குப் போகவேண்டாம்! போர்டக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உட்கார்ந்து எழுதித் தள்ளினாள். ஆரஞ்சுக்கு 'மிதந்து வந்தது'. முலாம்பழத்துக்கு 'உருண்டு வந்தது'. பின்தெரு டீச்சரம்மா தன் வீட்டு மரத்திலிருந்து கூடையில் கொண்டுவரும் அத்திப்பழத்துக்கு 'நடந்து வந்தது'. எல்லாவற்றையும் படம் எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். வீம்பு என்ன வீம்பு என்று அவருக்கே அனுப்பிவிட்டாள்.

பதில் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வரவேண்டாம், யாருக்கு வேண்டும் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே ஆரஞ்சை அடுக்கும்போது, வாசலில் மேல்மூச்சு வாங்க ஒரு ஆள் நின்றார். அச்சகத்து மை விரலோடு அவள் கணவர். ஒவ்வொரு போர்டாக நிதானமாகப் படித்தார். ஒரு பிழையும் இல்லை என்பதை அவர் முகமே சொல்லிற்று. மேசையிலிருந்து ஒரு சின்ன அட்டையையும் அவளுடைய பேனாவையும் எடுத்தார், எதையோ எழுதினார், தன் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு முலாம்பழங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

'இரங்கி வந்தது.'

போர்டக்கா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். ஒன்பது வருடத்தில் முதன்முறையாக, பிழை திருத்துகிறவரிடம் ஒரு பிழை.

"இறங்கிக்குப் பெரிய ற போடணும்" என்றாள். நாலு நாளுக்கப்புறம் சுவரைப் பார்க்காமல் அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"தெரியும். ரெண்டும்தான்" என்றார் அவர்.