முழங்கால் சாட்சி

மனித குலம் இதுவரை எழுதிய கடிதங்களிலேயே அப்பழுக்கற்றவை, என் பெரியப்பா மாலைப் பத்திரிகைக்கு எழுதிய வாசகர் கடிதங்கள்தான். இதை நான் சொல்லவில்லை, பெரியப்பாவே சொன்னார். ஆகவே இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பெரியப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அது பிழைப்பு. லட்சியம் என்றால் அது வாசகர் கடிதம்தான். சாக்கடை அடைப்போ உலக அமைதியோ, எதுவானாலும் ஒரே அமைப்பு: முதலில் பிரச்சினை, அடுத்து மூன்று காரணங்கள், பிறகு 'ஆகவே'. 'நான்' என்ற சொல் மருந்துக்கும் இருக்காது.

"கடிதத்துக்குள்ள தனி மனுஷன் தலையைக் காட்டவே கூடாதுடா," என்பார். கல்லூரி விட்டதும் கடையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் கைப்பேசியில் தட்டுவது என் வேலை. "எதிர்க்கடைக்காரனைப் பாரு. சாக்கடையில ஆரம்பிச்சு சம்பந்தி வீட்டுல முடிக்கிறான். முட்டி வலியையெல்லாமா பத்திரிகைக்கு எழுதுவாங்க? ஆசிரியர் என்ன வைத்தியரா?"

எதிர்க்கடை சலவைக் கடை. அதன் உரிமையாளரும் கடிதம் எழுதுவார். ஏன் எழுத ஆரம்பித்தோம் என்பது பாதியில் அவருக்கே மறந்துவிடும்.

இப்படி இருக்கையில், எங்கள் கடை வாசலில் இருந்த பேருந்து நிறுத்தத்தை நகராட்சி பிடுங்கித் தெருக்கோடியில் நட்டது. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் கண் மங்கியவர்கள். இறங்கிக் கை நீட்டினால் கடை என்று இருந்தவரை வந்தார்கள். இப்போது கோடியில் இறங்கி, முதலில் தென்பட்ட கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். ஒரு அம்மாள் பூட்டுக் கடையில் போய் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய சாவிகளை எழுத்து என்று நினைத்து வாசிக்க முயன்றாராம். எங்கள் கடை காற்று வாங்கியது. இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான்.

நகராட்சி யாருக்கும் மசியாது. மாலைப் பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்கு மட்டும் பயப்படும். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதம் சொன்னார். பிரச்சினை. மூன்று காரணங்கள். ஆகவே. அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது.

'தங்கள் கடிதம் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டதாகத் தெரிகிறது. மனிதர்கள் எழுதும் கடிதங்களை மட்டுமே நாங்கள் பிரசுரிக்கிறோம். இது தானியங்கிப் பதில்.'

பெரியப்பா இருமுறை படித்தார். நடையில் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. பத்திரிகை அலுவலகத்துக்கே போன் போட்டார்.

"நான் மனுஷன்தாம்மா பேசுறேன்!"

"குரல்ல தெரியுது ஐயா. கடிதத்துல தெரியலையே," என்றார் உதவி ஆசிரியர் பெண். "இப்ப வர்றதுல பாதி மெஷின் எழுதுறது. அதைப் பிரிச்செடுக்க நாங்களும் ஒரு மெஷின் வச்சிருக்கோம். மூணு காரணம், ஆகவேன்னு வந்தாலே சிவப்பு காட்டிடும்."

"மெஷின் பொறக்கறதுக்கு முந்தியே மூணு காரணம் எழுதினவன் நான்!"

"அப்ப அது உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டிருக்கும் ஐயா."

பெரியப்பாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதற்குள் அந்தப் பெண் போனை வைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் பெரியம்மா சிரிக்கவே இல்லை. "மெஷின் மேல தப்பில்லைங்க. கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. சண்டை போட்டாக்கூட மூணு காரணம் சொல்லுவீங்க."

மறுநாள் சலவைக் கடைக்காரரின் கடிதம் கொட்டை எழுத்துத் தலைப்போடு வெளிவந்தது.

'ஐயா, பஸ் ஸ்டாப்பைக் கோடிக்கு மாற்றிவிட்டீர்கள். நடந்தால் என் முட்டி கடக் கடக் என்கிறது. இதே முட்டிதான் மகள் கல்யாணத்தில் மடங்க மறுத்து, சபையில் என் மானத்தை வாங்கியது. மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் போனை எடுக்க மாட்டார். அங்கே உட்காரவும் இடமில்லை. நன்றி.'

நகராட்சி நெகிழ்ந்துபோனது. தெருக்கோடியில் சிமெண்ட் பெஞ்சு போட ஜல்லி வந்து இறங்கியது. பெஞ்சு இறுகிவிட்டால் நிறுத்தமும் அங்கேயே இறுகிவிடும்.

அந்தப் பத்திரிகையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்காரர் வந்தார். "அண்ணே, படிச்சீங்களா?"

"படிச்சேன். ஸ்டாப்பைத் திருப்பிக் கேட்காம பெஞ்சைக் கேட்டு வச்சிருக்கியேப்பா!"

"கேட்கத்தாண்ணே போனேன். நடுவுல மாப்பிள்ளை வந்துட்டாரு."

அடுத்த நாள் நான் போனபோது பெரியப்பா தாமே கைப்பட எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடி துடைக்கிற துணியைப் போட்டு மூடினார்.

"என்ன பெரியப்பா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

ஜல்லி கலக்க ஆரம்பித்துவிட்டார்களா என்று பார்க்கத் தெருவில் இறங்கினார். நல்ல பிள்ளைகள் செய்வதைப்போல நானும் உடனே துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

'நான் கண்ணாடிக் கடைக்காரன். நேற்று என் கடைக்குத் தானாக வந்த ஒரே ஆள் விலாசம் விசாரிக்க வந்தவர். முதலாவது காரணம்' – இதை அடித்திருந்தார். 'என் மனைவி என்னை மெஷின் என்கிறாள். அவளிடம் நான் ஒன்று சொல்லவில்லை. பஸ் வரும் நேரமெல்லாம் நான் கோடிக்குப் போய் நிற்கிறேன். கண் தெரியாமல் தடுமாறுகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். சிலர் பூட்டு வாங்க வந்தவர்கள், திட்டுகிறார்கள். நடந்து நடந்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. எதிர்க்கடைக்காரர் முட்டி கடக் கடக் என்கிறதாம். என்னுடையது களுக் என்கிறது. பெஞ்சு வேண்டாம் ஐயா. ஸ்டாப்பைக் கொடுங்கள்.'

துணியை இருந்தபடியே போட்டேன். ஆனால் நான் மடித்த மடிப்பு வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்தவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்படியே தட்டிடு. சரி பண்றேன்னு கை வைக்காதே."

அனுப்பினேன். 'தங்கள் கடிதம் மனிதர் எழுதியது என்று உறுதியாகிறது' என்று மெஷின் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. பெரியப்பா அதையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் காட்டினார். பெரியம்மா உள்ளே போய்த் தைலத்தோடு வந்தார்.

கடிதம் வெளிவந்தது. ஜல்லியை அள்ளிக்கொண்டு போனார்கள். நிறுத்தம் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. பூட்டுக் கடைக்காரர் நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி.

சில நாளில் தெருவிளக்கு எரியாமல் போனது. பெரியப்பா பழைய மிடுக்கோடு தொண்டையைச் செருமினார்.

"எழுதிக்கோ. 'ஐயா, எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. இதற்கு மூன்று...'"

நிறுத்தினார். எதிர்க்கடையை எட்டிப் பார்த்தார். சலவைக் கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சட்டையோடு மல்லுக்கு நின்றிருந்தார். பெரியப்பா என் காதருகே குனிந்தார்.

"அதை அடிச்சிட்டு, முதல்ல முட்டியைப் போடு. இடது மட்டும் போதும். வலதை அடுத்த கடிதத்துக்கு வச்சுக்கலாம்."