நாளைய காரைக்குடி

அந்தப் பேனர் கண்டனூர் சாலையின் முதல் வளைவில் இருந்ததா, அதையும் தாண்டியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சொல்வதில் ஒன்றிரண்டு பிசகலாம். ரோகிணி ஓடும் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கினாள் என்பது மட்டும் நிச்சயம்.

பேனரில் இருந்தது, தன் வேலைக்காக அவள் செய்த வரைபடம். இன்னும் இருபது ஆண்டுகளில் நகரம் எங்கெல்லாம் பரவும் என்று கணினியில் கணித்து, அந்த இடங்களைச் சிவப்பாக்கியிருந்தாள். ஆவாரங்கண்மாயும் அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலும் சிவப்புக்குள் கிடந்தன. அங்கே கட்டட அனுமதி தராதீர்கள் என்று கேட்கத்தான் அதை அதிகாரிகள் கூட்டத்தில் காட்டினாள். இப்போது அதன்மேல், ‘நாளைய காரைக்குடி! இன்றே மனை வாங்குங்கள்!’

பேனரை ஒட்டி மனை விற்கப் போட்டிருந்த பந்தலில் அவள் சித்தப்பா வீரபாண்டியன் வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“யாரைக் கேட்டு என் படத்தப் போட்டீக?”

“வாத்தா! கூட்டத்துல எல்லாருக்குந்தான குடுத்த? எங்க வீட்டுப் பிள்ளை போட்டதுன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“கண்மாய் செத்துப்போகும் சித்தப்பா.”

“டவுனு வரும்னு நீதான சொல்ற? அதுக்கு முந்தி நாங்க போயி நிக்கிறோம். மோரக் குடி, மூஞ்சி காந்துது.”

யாரோ சிரித்தார்கள். அவள் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்தக் கணிப்பின் கணக்கைத் திறந்தாள். சிவப்பு ஏன் அந்தப் பக்கமே பாய்கிறது? ஊர் ஊராகச் சரிபார்த்தாள். கண்டனூர். அங்கே பெரிய பெரிய வீடுகள். கூரையின் அளவை வைத்து ஆட்களைக் கணக்கிட்டிருந்தாள். அவள் அங்கே போனதெல்லாம் கல்யாணங்களுக்கு. பார்த்த வீடெல்லாம் ஆள் நிறைந்த வீடு. மற்ற நாளில் அவை பூட்டிக் கிடப்பது தெரிந்தும் கணக்கில் ஏற்றவில்லை. ஊர் நிரம்பி வழிகிறது என்று கணினி நம்பி, நகரத்தைக் கண்மாய்ப் பக்கம் தள்ளிவிட்டது. பூட்டிய வீடுகளை நீக்கினாள். கண்மாய்மேல் இருந்த சிவப்பு மறைந்தது.

மறுநாள் அந்தத் தாளைச் சித்தப்பா முன் வீசினாள். “தப்பாப் போட்டுட்டேன். அங்குட்டு டவுன் வராது.”

அவர் பார்த்தார்.

“இனி வரும்த்தா. பாதி மனை வித்துப்போச்சு.”

“வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?”

“எனக்கு மட்டுமா?” என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது, அவர்மேலும் தன்மேலும்.

திருத்திய படத்தை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மனை வாங்கியவர்கள் வரத்துக்காலைத் தூர்த்து வீடு கட்டினார்கள். ஆவாரங்கண்மாய் காய்ந்தது, நாரைகள் வரவில்லை. வீரபாண்டியன் அடுத்து மனை போட கல்லல் பக்கம் இடம் பார்க்கிறார். ரோகிணி அதே வரைபட வேலையில்தான் இருக்கிறாள், அவரோடு பேசுவதில்லை.